மலிவுக் கத்தியும் மாணவர் கையும்

கலாசாலை மலருக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் வான மண்டலத்தையோ, வரலாற்று வீரரையோ, காவியச் சுவையையோ நாடுவது வழக்கம். நாம் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பொருள் அவற்றின் பக்கத்தில் நிற்கவும் கூசும் எளிமையுடையது. அது ஒரு சிறு கத்தி. பொற்பிடியிட்ட உடைவாளும் அன்று. கண்ணாடிப் பேழையில் வைத்துப் பரிசளிக்கும் அழகுப் பொருளும் அன்று. வாரச் சந்தையிற் கொல்லர் சாக்கை விரித்துக் குவித்து வைத்திருக்கும் கத்தி. மடங்காத அலகும் மரப்பிடியும் உடையது. ஒரு நாட்கூலியில் ஒரு பகுதியைக் கொடுத்தாற் கைக்கு வருவது. இதன் பெருமையை எடுத்துரைப்பதும், இதனைக் கையாளும் பழக்கம் கற்றோரிடம் அருகி வருவதால் நேர்ந்துள்ள கேட்டைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

விருதுநகர்ச் சீமையிற் பிறந்தோர்க்குக் கத்தி புதிய பொருளன்று. அடுக்களையில் அரிவாள்மனை இருக்கிறது. வயலிற் கதிரரிவாள் இருக்கிறது. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலை வெட்ட வெட்டரிவாள் வேண்டும். பனையேறுவோர் இடுப்பிற் பாளையரிவாள் தொங்குகிறது. விருதுநகர்ப் பேட்டையில் மூட்டைக்குள் இருக்கும் தானியத்தைக் குத்தூசியால் எடுத்துப் பார்ப்பவர், மூட்டையைப் பிரிக்கும்போது தையற் சணலைக் கத்தியால் அறுக்கிறார். சிவகாசி அச்சகங்களிற் புத்தகங்கட்டுவோர் தாளை மடித்து அறுக்கிறார். இவ்வாறு நம் சீமையின் விளைவிலும் வாணிகத்திலும் தொழிலிலும் கத்தி படாத பொருள் மிகச் சில. எனினும், இவற்றால் வாழும் குடும்பங்களிலிருந்து வந்து கலாசாலையிற் பயிலும் மாணவருள், ஒரு கத்தியைக் கல்லில் இட்டுத் தீட்டி அதன் கூரைத் திருத்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும்.

கத்திகளை இரு பெரும் வகையாகப் பிரிக்கலாம். அலகு பிடிக்குள் மடங்கி ஒளிவது மடக்குக் கத்தி. அலகும் பிடியும் ஒன்றாய் நின்று, உறையில் இடப்படுவது மடங்காக் கத்தி. சட்டைப் பையில் வைத்தற்கு மடக்குக் கத்தி வசதியானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதன் மூட்டு அதன் பலவீனம். மூட்டிலே மண்ணும் பழச்சாறும் சேரும், ஆணி தளரும், பூட்டில்லாத கத்தியாயின் அழுத்தி வேலை செய்யும்போது அலகு திரும்பி விரலை நறுக்கும். மடங்காக் கத்தியிலோ அலகின் வால் பிடிக்குள் நுழைந்து இறுகி நிற்கிறது. மூட்டும் இல்லை, வில்லும் இல்லை. கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. அசையும் உறுப்பு எதுவும் இல்லாத கருவியிற் பழுதாகும் உறுப்பும் குறைவு என்பது இயந்திர நூல் கற்கும் மாணவர் எளிதில் உணரத்தக்க உண்மையாகும்.

அதன் பயன்களை அடுக்கினால் முடிவில்லை. வீட்டில் காய் நறுக்கவும், கயிறு அறுக்கவும், பார்சற் கட்டைப் பிரிக்கவும், நுங்கின் தோலைச் சீவவும் அஃதொன்றே போதும். தோட்டத்தில் ஒட்டுக்கட்டுவோர்க்கும், வேப்பங்குச்சி ஒடித்துச் சீவுவோர்க்கும், முகாமிட்டுத் தங்கும் சாரணர்க்கும் அது துணை. கூடாரத்திற்கு முளைக்குச்சி செதுக்கலாம். ஈரமான விறகின் மேற்புறத்தைச் சீவிவிட்டு உள்ளே காய்ந்திருக்கும் சிராய்களை எடுத்து அடுப்பு மூட்டலாம். இவ்வேலைகள் ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் கருவி விற்கும் கடைகள் உள்ளன. நான்கு விரற்கடையிலிருந்து ஆறு விரற்கடை அளவுள்ள ஓர் அலகு அவற்றுட் பெரும்பாலானவற்றைச் செய்து முடிக்கும்.

இனி, மலிவாயிருப்பதை ஒரு குறையாகக் கொள்வோர்க்கு நம் விடையைக் கூறுவோம். விலையுயர்ந்த கத்தியை வைத்திருப்பவன் அதற்குக் காவலாளாகிறான். ஈரம் படலாகாது, கீறல் விழலாகாது, பிறர் தொடலாகாது என்று அஞ்சி அதனைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறான். மலிவான கத்தியை உடையவனோ அதனை வேலையில் ஈடுபடுத்துகிறான். அண்டை வீட்டார் கேட்டால் தயங்காமற் கொடுக்கிறான். தீட்டக் கற்பவன் முதல் முறை கோணலாகத் தீட்டினாலும் பெரு நட்டம் இல்லை, மறுமுறை திருத்திக்கொள்ளலாம். கிணற்றடியிலோ வரப்பிலோ தொலைந்துபோனால் வருத்தம் ஒரு நாளோடு ஒழியும். பொன்னாலான கத்தி என்று வயிற்றிற் குத்திக்கொள்வார் உண்டோ என்பது நம் பழமொழி. கத்தியின் மதிப்பு அது செய்யும் வேலையில் இருக்கிறதேயன்றி, அது செய்யப்பட்ட பொருளின் விலையில் இல்லை என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர்.

ஆயினும் மலிவில் இரு வகை உண்டு. அலங்காரத்தை நீக்கியதால் வரும் மலிவு ஒன்று. சரக்கில் ஏய்ப்பதால் வரும் மலிவு மற்றொன்று. முன்னதைப் போற்றவேண்டும், பின்னதை விலக்கவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிய, கத்தி பிறக்கும் இடமாகிய கொல்லன் பட்டறைக்குச் சிறிது சென்று வருவோம்.

நம் நாட்டுப் பட்டறைகள் பலவற்றில் அரிவாளுக்கும் கத்திக்கும் ஆகும் சரக்கு, பழைய லாரிகளின் அடியிலிருந்து கழற்றிய வில்பட்டை. பாரத்தைத் தாங்கித் தாங்கித் தளர்ந்து கழிக்கப்பட்ட அப்பட்டை, கொல்லன் கையில் மறுபிறவி எடுக்கிறது. இது ஏழ்மையால் வந்த சமாளிப்பு என்று எவரும் எண்ணவேண்டா. வில்பட்டை உருக்கில் நூறு பங்கு எடைக்கு ஏறத்தாழ 0.6 பங்கு கரி கலந்திருக்கிறது. கட்டடத்திற்குப் போடும் மெல்லிரும்பில் அக்கரி அதனினும் மிகக் குறைவு. ஆதலின் அதனை எத்துணைக் காய்ச்சித் தோய்த்தாலும் கூர் தாங்காது. கழித்த பட்டையைத் தேர்ந்தெடுத்த கொல்லன், நூலறிவு பெற்ற பொறியியலறிஞன் செய்யும் தேர்வையே தன் அனுபவத்தாற் செய்கிறான்.

பட்டையை உலையில் இட்டுச் செந்நிறமாகக் காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்து, ஒருவர் குறட்டாற் பிடிக்க மற்றொருவர் சம்மட்டியால் அடிக்கிறார். வடிவம் வந்தபின் அரத்தால் இழைத்து, மீண்டும் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ சடுதியில் தோய்க்கிறார். இதனால் உருக்கு மிகக் கடினமாகிறது. ஆனாற் கண்ணாடிபோல் ஒடியவும் செய்யும். ஆகவே அதனை மறுபடியும் இளஞ்சூட்டிற் காட்டி, மெருகிட்ட பரப்பில் வைக்கோல் நிறமும், பின் செம்பழுப்பும், அதன்பின் நீலமும் படர்வதைக் கண்ணாற் பார்த்து, வேண்டிய நிறத்தில் நிறுத்துகிறார். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினாற் கூர் நெடுநாள் நிற்கும். நீலம் வரை விட்டால் வளைந்து கொடுக்கும். வெப்பமானி ஒன்றும் இல்லாமல் ஏறத்தாழ 200 முதல் 300 பாகை வரை உள்ள சூட்டைக் கண்ணால் அளக்கும் இவ்வித்தை, நம் இரசாயன சாலையில் எவர்க்கும் கைவராதது. இத்தகையவரைப் படியாதவர் என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் உள்ளது.

கத்தி வாங்குவோர் கவனிக்கவேண்டியன சில. விரல் நுனியால் அலகைச் சுண்டினால் தெளிந்த ஓசை எழவேண்டும். மந்தமான ஓசை எழுமாயின் உள்ளே விரிசல் இருக்கலாம். முதுகை மேலாக வைத்து நீளப் பார்த்தால் அலகு நேராக ஓடவேண்டும். பிடியின் வாயிற் பூண் இறுகியிருக்கவேண்டும், அசைத்தால் ஆடலாகாது. பளபளப்பையும் எழுத்து வெட்டையும் கண்டு மயங்கலாகாது. துருவேறாக் கத்தி வேண்டுமாயின் அதுவும் மலிவாகக் கிடைக்கிறது. 1913-இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரேர்லி என்பார் கண்ட துருவேறா உருக்கு இன்று உலகத்து அடுக்களைகளையெல்லாம் ஆள்கிறது. எனினும் நாட்டுக் கத்தியின் துரு அஞ்சத்தக்கதன்று. வேலை முடிந்தவுடன் துடைத்து, வாரத்திற்கொரு முறை ஒரு துளி விளக்கெண்ணெய் தடவினால், எண்ணெய் வாணிகத்திற் பேர்பெற்ற விருதுநகரில் வாழ்வோர்க்கு அது பெருஞ் செலவாகாது.

வாங்குவதினும் பேணுவது பெரிது என்பதைப் பனையேறுவோரிடம் கற்கலாம். பதநீர் வடியவேண்டுமாயின் பாளையின் நுனியை நாள்தோறும் தாளினும் மெல்லியதாகச் சீவவேண்டும். கத்தி மழுங்கியிருந்தாற் பாளை நைந்து ஊற்று அடைபடும். அன்றைய உழைப்பு வீண். ஆகவே அவர் மரமேறுமுன் வெண்கற்பொடி தூவிய தீட்டுக்கட்டையில் அரிவாளை முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டுகிறார். தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது என்று நன்றி மறந்தாரைப் பழிக்கும் பழமொழி பிறந்த மரம் இதுவே. 1978-இல் பனையை மாநில மரமாக அறிவித்தோம். மரத்திற்குக் கொடுத்த மரியாதையை அதன்மேல் ஏறுவோர்க்கும், அவர் இடுப்பிலுள்ள கருவிக்கும் கொடுத்தோமா என்பதைச் சிந்திக்கவேண்டும்.

மலிவும் கூர்மையும் மட்டும் போதா, இடத்திற்கேற்ற பொருத்தமும் வேண்டும் என்பதற்குச் சிவகாசியே சான்று. அங்கே பட்டாசு ஆலையில் மருந்து புழங்கும் அறைக்குள் இரும்புக் கருவி புகலாகாது. இரும்பு கல்லிலோ மற்றோர் இரும்பிலோ உராய்ந்தால் எழும் ஒரு பொறி அறையையும் ஆளையும் சேர்த்து அழிக்கும். ஆதலால் ஆங்குப் பயன்படுத்தும் கருவிகள் மரம், செம்பு, பித்தளை முதலிய பொறி எழுப்பாப் பொருள்களால் ஆதல் வேண்டும். கூரிலும் உறுதியிலும் பித்தளை உருக்கிற்கு ஈடன்று. எனினும் அவ்வறைக்குள் மென்மையே அதன் தகுதி. உலகத்திற் சிறந்த உருக்குக் கத்தியை ஒருவர் அங்குக் கொண்டு செல்வாராயின் அவர் கொண்டு செல்வது மரணத்தையே. எந்தக் கத்தி சிறந்தது என்று கேட்போர்க்கு, எந்த இடத்தில், எந்த வேலைக்கு, எந்தக் கையில் என்று திருப்பிக் கேட்பதே தக்க விடை என்பதைச் சிவகாசித் தொழிலாளர் நாள்தோறும் நமக்குக் கற்பிக்கின்றனர்.

படிப்பாளிக்கும் கத்திக்கும் தொடர்பில்லை என்பாரும் உளர். நம் முன்னோர் ஏட்டிற் படித்த காலத்தில் மடக்கெழுத்தாணி என ஒன்று இருந்தது. அதன் ஒரு புறம் எழுதும் கூர். மறுபுறம் ஓலையை வாரிச் சீர்படுத்தும் கத்தி. புலவன் கையில் எழுத்தும் அலகும் ஒன்றாகவே இருந்தன. மேனாட்டாரும் இறகின் நுனியைச் சீவி எழுதியபோது வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி எனப் பெயர் பெற்றது. உலோக முள் வந்தபின் சீவும் வேலை ஒழிந்தது. நம் சாத்தூர் அம்முள்ளைச் செய்து பெயர் பெற்றிருந்தது. பந்துமுனைப் பேனா வந்து அத்தொழிலையும் நலிவித்தது. எழுதுவோன் தன் கருவியைத் தானே சீர் செய்துகொண்ட நிலை இவ்வாறு படிப்படியாக மறைந்தது.

பிற நாடுகளின் அனுபவமும் நாம் கூறுவதற்குத் துணை செய்கிறது. சுவீடன் தேசத்தில் மோரா என்னும் ஊரின் பக்கத்திலே ஒஸ்ட்னூர் என்ற சிற்றூர் உண்டு. வட அமெரிக்காவில் மரமிழுக்கும் தொழில் செய்து மீண்ட ஃப்ராஸ்ட் எரிக் எர்சன் என்பவர் 1891-இல் அவ்வூரிற் சறுக்கு வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அவ்வேலைக்கு வேண்டிய கத்திகளையும் அங்கேயே செய்வித்தார். வண்டிகள் மறைந்தன, கத்தி நிலைத்தது. செந்நிறம் பூசிய மரப்பிடியும் சுமார் 10 சென்டிமீட்டர் அலகும் உடைய அந்தக் கத்தி, இன்று பெரும்பாலும் செயற்கைப் பொருட் பிடியோடு உலகெங்கும் விற்பனையாகிறது. தச்சர், செம்படவர், காட்டிற் சுற்றுவோர் ஆகியோர் அதனை விரும்புவதற்குக் காரணம் விலைக்குறைவும் எளிய அமைப்புமே. அலகின் இருபுறமும் அகன்ற ஒரே சரிவாக இருத்தலால், அச்சரிவைக் கல்லில் அப்படியே படிய வைத்துத் தேய்த்தாற் போதும், கோணம் தவறாது. கற்றுக்குட்டியும் கூராக்கலாம்.

அவ்வடநாட்டார் கத்தியைப் பள்ளிக்குள்ளும் அழைத்தனர். பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் 1866-இல் நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளுக்குக் கைத்தொழிற் பயிற்சி கட்டாயமாயிற்று. சுவீடனில் நேஸ் என்னுமிடத்தில் ஆசிரியர்களைப் பயிற்றிய ஆட்டோ சாலமன், மாணவர் கையில் முதலிற் கொடுக்கவேண்டிய கருவி கத்தியே என்றார். குடியானவர் பிள்ளைக்கு முன்பே பழகிய கருவி அது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் வழியும் அதுவே. மரத்தைச் சீவும் பிள்ளை கண்ணையும் கையையும் பொறுமையையும் ஒருங்கே பழக்குகிறது. செதுக்கியது கோணலாயின் கத்தி பொய் சொல்லாது. நம் தேசத்திலும் 1937-இல் வார்தாவிற் கூடிய மாநாடு, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைப் போற்றியது. அக்கொள்கை எவ்வளவு தூரம் நம் வகுப்பறைக்குள் வந்தது என்பதை நேயர்களே அறிவர்.

இங்கு ஒரு தடை எழும் என்பதை நாம் அறிவோம். அரிவாளாற் பெயர் கெட்ட தென்னாட்டில் மாணவர்க்குக் கத்தியைப் போற்றிக் கட்டுரை எழுதுவதா என்று பெரியோர் கேட்கலாம். அவ்வச்சம் நியாயமானது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனை உடன் பயின்ற மாணவரே அவன் வீட்டிற்குட் புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். சாதிப் பகையே அக்கொடுமையின் வேர். அதன்பின் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களை நியமித்து, பள்ளி கல்லூரிகளிற் சாதி வேற்றுமையை ஒழிக்கும் வழிகளை ஆராயச் செய்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை அளித்தார். மாணவர் கையிற் சாதியைக் காட்டும் கயிறு கட்டுதல் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கத்தியைப் பேசும் முன்னே அக்கயிற்றைப் பேசினார். அது சாலச் சிறந்த வரிசை.

சட்டமும் இவ்விஷயத்தில் வாளா இருக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வகுத்த விதிகள், 9 அங்குலத்தின் மேல் நீளமோ 2 அங்குலத்தின் மேல் அகலமோ உள்ள அலகுடைய கூரிய ஆயுதங்களை ஒரு வகையாகக் கொண்டு, வீட்டு வேலை, வேளாண்மை, விஞ்ஞானம், கைத்தொழில் ஆகியவற்றிற்கென அமைந்த கருவிகளை அவ்வகையினின்று விலக்குகின்றன. 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸார், அரிவாள் செய்வோரும் விற்போரும் வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் குறித்து வைக்கவேண்டும் என்றும், வேளாண்மைக்கும் வீட்டு உபயோகத்திற்குமே விற்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினர். இவற்றை நாம் குறை கூறவில்லை. பள்ளிப் பையிலும் பேருந்திலும் திருவிழாக் கூட்டத்திலும் கத்திக்கு இடமில்லை என்பதில் எமக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆயினும் எய்தவன் இருக்க அம்பை நோவதாற் பயனென்ன? கத்தியைக் கண்ணிற் படாமல் மறைத்துவிட்டால் வெட்டும் எண்ணம் மறைந்துவிடுமா? கத்தியால் வேலை செய்யத் தெரிந்தவன் ஒருநாளும் கொலை செய்யமாட்டான் என்று சொல்லவும் நாம் துணியோம்; கைத்திறமை வேறு, நெஞ்சின் நேர்மை வேறு. நாம் கூறுவது இதுவே: உழைக்கும் கத்தியை இழிவென்றும், வெட்டும் அரிவாளை வீரமென்றும் எண்ணும் ஒரே மனப்பான்மைதான் இரு கேடுகளுக்கும் தாய். கொல்லனுடைய கத்தி, பனையேறியின் கத்தி, செருப்புத் தைப்பவரின் கத்தி, நாவிதருடைய கத்தி என்று ஒவ்வோர் அலகிற்கும் ஒரு சாதியை ஒட்டி, அதனைத் தாழ்த்தி வைத்தோம். உழைப்பால் மதிப்பில்லை என்று கண்ட இளைஞன் அச்சுறுத்துவதால் மதிப்புத் தேடுகிறான். சினிமாத் திரையிற் கதாநாயகன் கையில் ஆளுயர அரிவாள் மின்னும்போது கைதட்டும் நாம், அவ்வரிவாளை அடித்த கை எது என்று ஒருபோதும் கேட்டதில்லை.

விருதுநகரின் பெயரே இதற்கு எடுத்துக்காட்டு. பல ஊர்களை வென்று விருதுக் கொடிகளோடு வந்த ஒரு வீரனை இவ்வூரான் ஒருவன் எதிர்த்துக் கொன்று விருதுகளை வெட்டி வீழ்த்தியதால் விருதுகள்வெட்டி எனப் பெயர் வந்தது என்றும், அதுவே விருதுபட்டியாகித் திரிந்தது என்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர். 1923-இல் அது விருதுநகர் ஆயிற்று. ஒரே ஒரு வெட்டை ஊர் இத்தனை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறது. அன்று முதல் இன்று வரை அவ்வூரிலே விறகு பிளந்த வெட்டும், மூட்டை பிரித்த அறுப்பும், பாளை சீவிய சீவலும் எத்தனை கோடி! அவற்றாலன்றோ ஊர் உண்டது? அவற்றிற்குக் கதையும் இல்லை, விருதும் இல்லை.

அரிவாளுக்குப் பேர்போன ஊர் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. அவ்வூர்ப் பெயரைச் சொன்னவுடன் இளைஞர் மனத்தில் எழுவது சினிமாச் சண்டையேயன்றி உலைக்களம் அன்று. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் நெடிய அரிவாள்களையும், வயலுக்கும் வீட்டிற்கும் வேண்டிய சிறு கருவிகளையும் அடிப்பவை ஒரே உலையும் ஒரே சம்மட்டியுமே. நேர்த்தி அரிவாள் கோயில் முற்றத்தில் எதனையும் வெட்டாமல் அமைதியாக நிற்கிறது. சிறு கத்தி வீட்டில் ஓயாமல் உழைக்கிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, வழிபாட்டிற்கும் ஆகாமல் உழைப்பிற்கும் ஆகாமல் அச்சுறுத்தலுக்கே வாங்கும் மூன்றாவது ஒன்றுதான் தொழிலுக்கு அவப்பெயர் தந்தது. அதனை வாங்குவோர் செய்த பாவத்திற்கு, முகவரி எழுதும் சுமையையும் சந்தேகப் பார்வையையும் சுமப்பவர் கொல்லரே.

சிவகாசியின் செல்வமும் கைத்தொழிலை இழிவென்று கருதாதவர் தேடித் தந்ததே. ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922-இற் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டு, 1923-இல் சிவகாசியில் அத்தொழிலை நிறுவினர் என்பதை நாம் அறிவோம். வானம் பார்த்த பூமியை அச்சும் தீப்பெட்டியும் பட்டாசும் நிறைந்த நகரமாக்கியது, கற்கவேண்டுமாயின் தொழிலாளி நிற்குமிடத்திற் சென்று நிற்கவேண்டும் என்ற அந்த மனமே. ஏட்டுக் கல்வி பெற்ற நம்மவர்க்கு அம்மனம் மீண்டும் வாய்க்கவேண்டும்.

ஆகவே, கலாசாலைத் தலைவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். முதலாவது, ஆசிரியர் மேற்பார்வையில், கலாசாலைத் தொழிற்கூடத்திலேயே, வாரத்தில் ஒரு மணி நேரம் கத்தியும் மரமும் கொண்டு செய்யும் பயிற்சி நடத்தலாம். கருவிகள் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கப்படவேண்டும்; எவரும் வெளியிலிருந்து கொண்டு வருதல் கூடாது. இரண்டாவது, ஆண்டிற்கொரு நாள் பக்கத்துக் கொல்லர் ஒருவரை அழைத்து, அவர்க்கு மற்றைச் சொற்பொழிவாளர்க்குரிய மரியாதையும் சன்மானமும் அளித்து, உலையை மூட்டி வேலை செய்து காட்டும்படி கேட்கலாம். இரசாயனமும் பௌதிகமும் கற்பிப்போர் அவர் பக்கத்தில் நின்று, நிறம் மாறுவதன் காரணத்தை மாணவர்க்கு விளக்குவாராக. மூன்றாவது, விடுதி மாணவர் சிறிது நேரமேனும் சமையற்கூடத்திற் காய் நறுக்கிப் பழகட்டும். இது பெண் மக்களின் வேலை என்று முகம் சுளிப்போர் இருப்பின், அவர்களுக்கே இப்பயிற்சி முதலில் வேண்டும்.

பழகுவோர் மனத்திற் கொள்ளவேண்டிய நெறிகள் மிகச் சில. உடலை விட்டு வெளிநோக்கிச் சீவுக. பிறர்க்குக் கொடுக்கும்போது பிடியை அவர் பக்கம் திருப்பிக் கீழே வைத்து, அவரே எடுத்துக்கொள்ளச் செய்க. நடக்குமுன் உறையில் இடுக. விழும் கத்தியைப் பிடிக்க முயலாது விலகி நிற்க. மழுங்கிய கத்தியே மிகுதியாகக் காயம் செய்யும் என்பதை மறவாது, வேலைக்கு முன் தீட்டுக. வேலை முடிந்தபின் துடைத்து எண்ணெயிட்டு உரிய இடத்தில் வைக்க. இவற்றை உற்று நோக்கினால், கத்தியைப் பற்றிய நெறிகள் யாவும் பக்கத்திலிருப்பவரைப் பற்றிய கவலையே என்பது விளங்கும். சினத்தோடு எடுத்த கத்தி மரத்தையும் கெடுக்கும் என்பது ஒவ்வொரு தச்சனும் அறிந்தது.

நண்பர்காள்! தொல்பொருள் ஆராய்ச்சியாளர் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் எடுத்த சான்றுகளைக் கொண்டு, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசாங்கம் அறிவித்தபோது நாம் அனைவரும் பெருமிதம் கொண்டோம். ஐயாயிரம் ஆண்டின் பெருமையைப் பேசும் வாய்க்கு, ஐந்து நிமிடம் ஒரு கத்தியைத் தீட்டத் தெரிந்த கையும் வேண்டும். அடுத்த முறை சந்தைக்குச் செல்லும்போது சாக்கின்மேல் வரிசையாகக் கிடக்கும் அச்சிறு கத்திகளின் முன்னே சற்று நில்லுங்கள். விற்பவரிடம் இதனை அடித்தவர் யார், எந்தப் பட்டறை என்று கேளுங்கள். பேரம் பேசாமற் கேட்ட விலையைக் கொடுத்து ஒன்றை வாங்கி, வீட்டு அடுக்களையில் வைத்து, அதனால் அம்மாவுக்கு ஒரு நாட் காய் நறுக்கிக் கொடுங்கள். விருது வெட்டிய ஊரில் இனி வேலை செய்யும் வெட்டிற்கே விருது கிடைப்பதாக.